பாலை மணலும் வறண்ட தோலும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: டிசம்பர் கடைசியில் தோழிகள் நான்கு பேர் ஜெய்சல்மேர் பக்கம், சாம் மணல்மேடுகளில் நான்கு இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். குளிக்க ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடக் கிடைக்காதாம். அம்மா ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயைக் கையில் கொடுத்து, 'காலையில் எழுந்ததும் உடம்பு முழுக்கத் தேய்த்துக்கொள், வேறெதுவும் வேண்டாம்' என்கிறார். போதுமா?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அம்மா சொன்ன எண்ணெயில் தவறில்லை, சொன்ன நேரத்தில்தான் தவறு. காலையில் எண்ணெய்ப் பசையோடு வெளியே போனால் புழுதி மாவு மாதிரி தோலில் அப்பிக்கொள்ளும். கழுத்து மடிப்பு, முழங்கை உள்பக்கம், இடுப்பில் துணி இறுகும் இடம் எல்லாவற்றிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல ஆகிவிடும். தார் பாலைவன மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம். அது தோலை அரிக்காது, ஆனால் நன்றாக உரசும். அதனால் பகலில் மெல்லிய லோஷன், இரவில் கெட்டியான பூச்சு. இந்த வரிசை மாறினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய க்ரீமும் பயன் தராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். அங்கே அந்த மாதத்தில் இரவுக் குளிர் 10 டிகிரிக்கும் கீழே போகும். குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோனால் குச்சி விட்டுக் குடைய வேண்டியதுதான். அகல வாய் டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

மாலை வேலைதான் முக்கியம், அதைப் படிப்படியாகச் சொல்கிறோம். கூடாரத்துக்குள் நுழையும் முன் வெளியிலேயே நின்று, உலர்ந்த பருத்தித் துண்டால் முகம், கை, கால்களைத் தட்டி உதறுங்கள். எடுத்த எடுப்பில் ஈரத்துணியை வைத்தால் மணல் சேறாகி, துடைக்கத் துடைக்கக் கீறும். பிறகு இரண்டு லிட்டர் தண்ணீர், கை பொறுக்கும் வெதுவெதுப்பில். மெல்லிய துணியை நனைத்து முதலில் முகம், அடுத்து கழுத்து, கை, அக்குள், இடுப்பு, கடைசியாகப் பாதம். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் இந்த மூன்றுக்கு மட்டும் போதும். துண்டால் ஒற்றியெடுங்கள். தோலில் லேசாக ஈரம் மிச்சம் இருக்கும்போதே, அதாவது மூன்று நிமிடத்துக்குள், க்ரீமைப் பூசிவிடுங்கள். அதன்மேல் முழங்காலுக்குக் கீழே, விரல் முட்டிகள், குதிகால், உதடு ஆகிய இடங்களில் மட்டும் பெட்ரோலியம் ஜெல்லி, அதாவது கடையில் வாசலின் என்று நாம் கேட்டு வாங்குவது, மெல்லியதாக.

ஏன் இரண்டு பூச்சு? க்ரீமில் இருக்கும் கிளிசரின் போன்றவை ஈரத்தை இழுத்துப் பிடிப்பவை. காற்றில் ஈரம் இருக்கும் ஊரில் அது சரி. பாலைவனக் காற்றில் ஈரமே இல்லாததால், மேலே மூடாமல் விட்டால் கிளிசரின் தோலின் அடியிலிருந்து தண்ணீரை மேலே இழுக்கும், அது அப்படியே ஆவியாகிவிடும். வாசலின் பாத்திரத்துக்கு மூடி போட்டது மாதிரி. அடியில் ஈரம் இல்லாமல் காய்ந்த தோலில் அதைத் தடவுவது வெறும் பாத்திரத்துக்கு மூடி போடுவதுதான்.

காலையில் முகத்துக்கு ஈரத்துணி போதும், சோப்பு வேண்டாம். லோஷன் பூசி ஐந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. பெரும்பாலோர் இதில் பாதிகூடப் போடுவதில்லை, பிறகு க்ரீம் வேலை செய்யவில்லை என்கிறார்கள். காது மடல், பிடரி, புறங்கை விட்டுப்போகக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். போடும் முன் உலர்ந்த துணியால் புழுதியைத் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் மணலையும் சேர்த்துத் தேய்ப்பீர்கள். முழுக்கைச் சட்டையும் பருத்தித் துப்பட்டாவும் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

நான்கு நாளைக்கு ஆளுக்கு 100 கிராம் க்ரீம், ஒரு சிறிய லோஷன், 50 கிராம் சன்ஸ்கிரீன், ஒரு சின்ன டப்பா வாசலின் போதும். எதுவும் புதிதாக வாங்கியது என்றால் ஒரு வாரம் முன்பே முழங்கை உள்பக்கத்தில் தடவிப் பாருங்கள். வாசனையுள்ள ஈரத் திசுத்தாளை நம்பிப் போக வேண்டாம். அதிலுள்ள சோப்புப் பொருளைக் கழுவி எடுக்காமல் விடுவதால் இரண்டாம் நாளே கன்னம் எரியும். முல்தானி மட்டி, கடலை மாவு, நலங்கு மாவு மூன்றும் எண்ணெய்ப் பசையை உறிஞ்சுபவை, அங்கே வேண்டவே வேண்டாம். கொலுசை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். நம் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளியில் முத்து முத்தாகக் கோத்த கொலுசு என்றால், ஒவ்வொரு முத்துக்கு இடையிலும் மணல் புகுந்து, ஒரே நாள் நடையில் கணுக்காலைச் சுற்றிச் சிவந்த வளையம் விழும்.

கேள்வி: அதே மாதிரிப் பயணம்தான். ஆனால் என் ஐந்து வயது மகனுக்கு முழங்கால் மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா) உண்டு. அழைத்துப் போகலாமா?
- ஒரு வாசகி, ஆத்தூர்

பதில்: இப்போது தோல் சிவந்து, நீர் கசிந்துகொண்டிருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். அடங்கியிருந்தால் போகலாம். குழந்தைக்கு லோஷன் போதாது, ஆயின்ட்மென்ட் போலக் கெட்டியான, வாசனை இல்லாத பூச்சு தேவை. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை பூச வேண்டும். கம்பளி நேரடியாகத் தோலில் படக் கூடாது, உள்ளே பருத்தி முழுக்கை போட்டு அதன்மேல் ஸ்வெட்டர். சன்ஸ்கிரீனில் ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதாகப் பாருங்கள், எரிச்சல் குறைவு.

மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு க்ரீம் இருந்தால், திடீரென்று அதிகமானால் எத்தனை நாள் போடலாம் என்று கிளம்பும் முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் 'அரிப்புக்கு ஒரு ட்யூப்' என்று கேட்டு வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். அப்படித் தரும் பல க்ரீம்களில் வலுவான ஸ்டீராய்டு கலந்திருக்கும், குழந்தையின் மெல்லிய தோல் இன்னும் மெலிந்துபோகும்.

பலர் யோசிக்காத ஆபத்து ஒன்று. இந்தக் கெட்டிப் பூச்சுகள் உடையிலும் போர்வையிலும் ஊறியிருந்தால், அந்தத் துணி சட்டென்று தீப்பிடிக்கும். இரவில் நடுவே விறகு மூட்டி எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். பூச்சு போட்ட குழந்தையை நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். இரவு உடையைத் தினமும் மாற்றுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 61, பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு. மணலில் வெறுங்காலில் நடந்தால் வெடிப்பு தேய்ந்து சரியாகிவிடும் என்கிறார் நண்பர்.
- ஒரு வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: நடக்கவே கூடாது, ஐயா. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். மதிய மணலின் சூடோ, முள் குத்தியதோ தெரியாமல் போய்விடும். வெடிப்புக்குள் மணல் புகுந்தால் அது தேயாது, இன்னும் ஆழமாகும்.

வெடிப்பில் ரத்தமோ சீழோ இருந்தால் பயணத்தை மறந்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால், கிளம்ப இரண்டு வாரம் முன்பிருந்தே இரவில் 10 முதல் 20 சதவீதம் யூரியா உள்ள க்ரீமைக் குதிகாலில் தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். திறந்த வெடிப்பில் யூரியா சுரீர் என்று எரியும், அங்கே வாசலின் மட்டும். பிளேடால் செதுக்க வேண்டாம். விரல் இடுக்கில் எந்தப் பூச்சும் கூடாது, ஈரம் தங்கிப் பூஞ்சைப் புண் வரும். அங்கே போனதும் மூடிய ஷூ, காலில் போடும் முன் தினமும் ஒரு முறை கவிழ்த்துத் தட்டல், இரவில் டார்ச் அடித்துப் பாதம் முழுக்கப் பார்த்தல். குனிய முடியாவிட்டால் கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மேக்னசைட் சூளையில் வேலை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவுகிறேன். அப்படியும் கை சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து வெடிக்கிறது. இதுவும் பாலைவன வறட்சி மாதிரிதானா?
- ஒரு வாசகர், கருப்பூர்

பதில்: வெளியே பார்க்க ஒன்றுபோலத் தெரியும், காரணம் வேறு. வெட்டியெடுத்த வெள்ளைக்கல் (மேக்னசைட்) தூள் ஈரத்தை உறிஞ்சி உலர்த்தும், அவ்வளவுதான். சூளையில் சுட்டபின் அது மெக்னீசியம் ஆக்ஸைடு, வேர்வை பட்டால் காரத்தன்மை காட்டும். நம் தோலின் மேற்பரப்போ இலேசான அமிலம், பி.எச். (அமில, கார அளவு) 5 அளவில் இருப்பது. சாதாரணக் குளியல் சோப்பும் காரம்தான், பி.எச். 9, 10 இருக்கும். காரத்தை இன்னொரு காரத்தால் மூன்று முறை கழுவுகிறீர்கள், அதனால்தான் வெடிக்கிறது.

தூளை முதலில் உலர்வாகத் தட்டிவிட்டு, ஓடும் தண்ணீரில் ஓரிரு நிமிடம் வெறுமனே கழுவுங்கள். பிறகு பி.எச். 5.5 என்று போட்ட சோப்பு ஒரே ஒரு முறை. ஈரம் காயும் முன் வாசலின். எலுமிச்சைச் சாறு தேய்த்துக் காரத்தை முறிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெடித்த தோலில் தாங்க முடியாமல் எரியும், அந்தக் கையோடு வெயிலில் போனால் கொப்புளித்துக் கறுத்துவிடும்.

கேள்வி: ஏற்காட்டில் கூடாரம் போடப் போகிறோம். பனிமூட்டத்துக்குள் சன்ஸ்கிரீன் எதற்கு?
- ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். சூடு தெரியாததால் நாமும் நிழல் தேட மாட்டோம். ஆகவே சன்ஸ்கிரீன் தேவை. இரவில் வாசலின் தேவையில்லை, காற்றிலேயே ஈரம் உண்டு, லோஷன் போதும்.

கேள்வி: பாலைவனத்தில் உதடும் மூக்கும் காய்ந்து ரத்தம் கசியுமாமே?
- ஒரு வாசகி, ஓமலூர்

பதில்: உதட்டை நாக்கால் நனைப்பதை நிறுத்துங்கள். எச்சில் காயும்போது உதட்டின் ஈரத்தையும் கொண்டுபோகும், அதிலுள்ள நொதிகள் தோலையும் புண்ணாக்கும். பகலில் எஸ்.பி.எஃப். உள்ள லிப் பாம், இரவில் வாசலின். மூக்குக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு, பக்கத்துக்கு இரண்டு சொட்டாக நாளுக்கு மூன்று, நான்கு முறை. வாசலின் தடவுவதானால் மூக்குத் துவாரத்தின் விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே ஆழமாகத் திணித்துப் படுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்க வாய்ப்புண்டு. ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்காமல், முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். நடுவில் நின்றுவிட்டதா என்று விட்டுப் பார்க்கக் கூடாது.