மேடையில் வளர்ந்த பெண் குழந்தை சினிமா நட்சத்திரமாக முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. பள்ளி நாடகத்திலும் கோவில் விழா மேடையிலும் நன்றாக நடிக்கிறாள், பாடுகிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம் சினிமாவுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். குழந்தையாக மேடை ஏறி, பிறகு திரையில் பெரிய நட்சத்திரமான நடிகைகள் தமிழில் இருக்கிறார்களா? எப்படி வந்தார்கள்?

பதில்:

இருக்கிறார்கள், நிறையவே. ஆனால் "எப்படி வந்தார்கள்" என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டு நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. யாரோ செல்போனில் எடுத்த வீடியோ சொந்தக்காரர்களிடம் சுற்றியிருக்கும். "இவளை இங்கே வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்" என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். வீட்டில் ஒருவருக்கு ஆசை, இன்னொருவருக்குப் பயம். தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931-ல் வந்தது. அதன் நாயகி டி. பி. ராஜலட்சுமி திருவையாற்றுக்காரர். குழந்தைக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டு, அது முறிந்து, சிறுமியாகவே நாடகக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தவர். பிறகு சினிமா ராணி என்று பட்டம் பெற்று, 1936-ல் மிஸ் கமலா என்ற படத்தைத் தானே இயக்கினார். கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் ரயிலில் பாடிக் காசு வாங்கிய பிள்ளை. அந்தக் குரல்தான் அவரை வேலு நாயர் நாடகக் கம்பெனிக்குக் கொண்டுபோனது. மனோரமா மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவர். தகப்பன் விட்டுப் போனார், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. வீட்டு வேலைக்குப் போன சிறுமி, உள்ளூர் நாடகத்தில் பாட ஆள் தேவைப்பட்டபோது மேடைக்குப் போனார். கோபிசாந்தா என்ற பெயரை மனோரமா என்று மாற்றியதும் நாடகக்காரர்கள்தான்.

இந்த மூன்று பேரில் ஒருவரையும் அம்மா, அப்பா உட்கார்ந்து யோசித்து மேடைக்கு அனுப்பவில்லை. அடுப்பு எரியாததால் போனார்கள். இதை எழுதினால் "வறுமையைப் பெருமை பேசுகிறீர்களா" என்று ஒருவர் கிளம்பி வருவார். இல்லை ஐயா. நானே அப்படிப் போன பிள்ளைதான், அதில் பெருமை பேச ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

என் அம்மா ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது நாயகி வேஷக்காரி. புதுக்கோட்டைப் பக்கம். ஸ்பெஷல் நாடகம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அது கம்பெனி நாடகம் மாதிரி இல்லை. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். நாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பல நேரம் அன்று ராத்திரிதான் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நம்பிக்கையில் இரவு பத்து மணிக்குமேல் ஆரம்பித்து விடிய விடிய ஆடுவார்கள். ஆர்மோனியக்காரர் கட்டையை, அதாவது சுருதியைப் பிடித்தால் போதும், மற்றது தானாக நடக்கும்.

எனக்கு ஏழு வயதில் லோகிதாசன் வேஷம். அரிச்சந்திர மயான காண்டத்தில் பாம்பு கடித்துச் சாகிற பையன். வேஷம் கட்ட வேண்டிய பையனுக்கு அம்மை போட்டுவிட்டது என்று ஒருநாள் மட்டும் நிற்கச் சொன்னார்கள். ஐந்து வருடம் நின்றேன். நின்றேன் என்பதுகூடத் தப்பு. லோகிதாசனுக்குப் பேச்சும் பாட்டும் கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் பிணமாகப் படுத்துக் கிடக்க வேண்டும். தாய் சந்திரமதி மடியில் போட்டு அழுவாள், தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வருவாள், அங்கே காவல் நிற்கும் அரிச்சந்திரன் பிணம் எரிக்கக் கூலியாகக் கால் பணமும் முழத்துண்டும் கேட்பான், தர்க்கம் நடக்கும். ராஜபார்ட் நல்ல பாட்டுக்காரராக வாய்த்துவிட்டால் தர்க்கம் ஒரு மணி நேரம் போகும். சனங்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு முதுகு மரத்துப்போகும்.

சந்திரமதி என் அம்மாவேதான். நிஜ அம்மா நிஜ மகளை மடியில் போட்டுக்கொண்டு, செத்துப்போய்விட்டாயே என்று பாடுகிறாள். கண்ணீர் என் கன்னத்தில் விழுந்து காதுக்குள் இறங்கும். துடைக்கக் கூடாது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில், தலையைக் குனிந்து அழுகிற சாக்கில், என் காதில் சொல்வாள்: "கொசு கடிச்சா அசையாதே. இன்னும் ரெண்டு பாட்டுதான்." நிமிர்ந்து மறுபடி ஒப்பாரி.

ஒரு ஊரில், அறந்தாங்கிக்குப் போகிற வழியில், நடந்ததை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் நாடகங்களில் பாட்டு பிடித்துவிட்டால் சனங்கள் மேடை ஏறி நடிகர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போவார்கள். மைக்கில் பெயர் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒரு பெரியவர் அழுதுகொண்டே ஏறி வந்தார். சந்திரமதிக்குக் குத்தப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் குனிந்து என் நெஞ்சில், செத்துக் கிடந்த லோகிதாசன் நெஞ்சில், ஐந்து ரூபாய் நோட்டை வைத்து ஊக்கைக் குத்தினார். ஊக்கு சட்டையோடு சதையிலும் ஏறிவிட்டது. நான் அசையவில்லை. மூச்சைக்கூட விடவில்லை. மைக்கில், "லோகிதாசனாக நடிக்கும் சிறுமியின் திறமையைப் பாராட்டி ரூபாய் ஐந்து அன்பளிப்பு" என்று அறிவிப்பு வருகிறது. அம்மாவுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது, சட்டையில் ரத்தப் பொட்டு. அடுத்த பாட்டை அவள் எப்படிப் பாடினாள் என்பதை இன்றைக்கும் அந்தப் பக்கத்து வயசாளிகள் சொல்வார்கள். அன்றைக்கு அவள் நடிக்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். விடிந்ததும் அந்த ஐந்து ரூபாயில் எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள், அவள் குடிக்கவில்லை.

இவ்வளவு பழகிய பிள்ளைக்குச் சினிமா எவ்வளவு சுலபமாக இருந்திருக்க வேண்டும்? அங்கேதான் வேடிக்கை.

1983-ல் என் நாடகத்தைப் பார்த்த ஒருவர் சொல்லி, சென்னைக்குக் கூப்பிட்டார்கள். எந்தப் படம், யார் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். அப்பாவைப் பிரிகிற மகள் வேஷம், நாலு வரி வசனம். நான் முதல் வரியைச் சொன்னதும் லைட்காரர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைசி வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவதுதான். டைரக்டர் நல்ல மனிதர். "ஏம்மா கத்துற? கேமரா உன் மூக்குக்கு முன்னாடிதானே நிக்குது" என்றார். குரலைக் குறைத்தேன், கை தானாகக் காற்றில் ஏறியது. கையைக் கட்டச் சொன்னார்கள், முகம் கேமரா பக்கம் திரும்பியது. மேடையில் சபைக்கு முதுகு காட்டினால் அடி விழும் எங்களுக்கு. இங்கே அப்பாவைப் பார்த்து அழச் சொல்கிறார்கள், அப்பா நிற்கிற இடத்தில் ஒரு ஸ்டாண்டில் கர்ச்சீப்பைக் கட்டி வைத்திருக்கிறார்கள்! முதல் டேக்கில் நிஜமாக அழுதேன். லைட் சரியில்லை என்றார்கள். ஆறாவது டேக்கில் கண்ணில் ஒன்றும் வரவில்லை, கிளிசரின் போட்டார்கள். மத்தியானத்துக்குள் அந்த வேஷம் இன்னொரு குழந்தைக்குப் போய்விட்டது. அவள் மேடையே பார்த்ததில்லை, ஆனால் மெதுவாகப் பேசினாள்.

என்னைச் சும்மா அனுப்ப மனசில்லாமல் ஒரு ஷாட்டில் வைத்தார்கள். கதாநாயகி பாடிக்கொண்டே நடக்க, பின்னால் கட்டிலில் தூங்குகிற தங்கை. அசையவே கூடாது. ஒரே டேக்கில் ஓகே.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: மேடை குழந்தைக்கு நிறையக் கொடுக்கும். தாளம் தரும், மனப்பாடம் தரும், முன்னால் இருக்கும் கூட்டம் எப்போது நம்மோடு இருக்கிறது, எப்போது நழுவுகிறது என்ற மோப்பம் தரும். ஆனால் கேமரா கேட்பது அதில் பாதியை. மறு பாதியை மறக்கச் சொல்லும். மறக்கத் தெரிந்தவர்கள் ஜெயித்தார்கள். மனோரமா 1958-ல் கண்ணதாசன் தயாரித்த மாலையிட்ட மங்கையில் வந்தார், 1963-ல் கொஞ்சும் குமரியில் நாயகியே ஆனார். ஆனால் ஊர் உலகம் அவரைத் தூக்கி வைத்துக்கொண்டது, 1968-ல் தில்லானா மோகனாம்பாளில் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக வந்தபோதுதான் என்பேன். மேடைப் பாயில் தூங்கி எழுந்திருக்காத ஒருவரால் அந்த நடை நடக்க முடியாது. எங்கள் ஆட்களைக் கேலி செய்கிற பாத்திரம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அம்மா அதை டூரிங் டாக்கீஸில் நாலு முறை பார்த்தாள், ஒரு தடவையும் அப்படிச் சொன்னதில்லை.

சுந்தராம்பாள் கதை வேறு மாதிரி. அவர் எதையும் மறக்கவில்லை, சினிமாதான் அவருக்காக வளைந்துகொடுத்தது. கணவர், நாடக நடிகர் கிட்டப்பா 1933-ல், 27 வயதில் இறந்தார். அப்போது இவருக்கு 25. வெள்ளைப் புடவைக்கு மாறி, மேடையை விட்டு ஒதுங்கினார். நடிக்கக் கூப்பிட்டவர்களைத் துரத்துவதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அவர்கள் சரி என்றுவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். 1935-ல் பக்த நந்தனார் வந்தது, நந்தனாராக ஆண் வேஷத்தில் அவர். அந்தக் காலத்து லட்சம்! அதற்குப் பின் 1953-ல் ஔவையார். அப்படி ஒரு தொண்டை இருந்தால் கேமராவுக்குப் பயப்பட வேண்டாம். உங்கள் மகளுக்கு இருக்கலாம், எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவுக்கு நலிந்த கலைஞர் உதவித்தொகை வாங்க ஓர் அலுவலகத்துக்கு அலைந்தோம். நடித்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். "போட்டோ இருக்காம்மா?" ராத்திரி ரெண்டு மணிக்கு, கண்மாய்க்கரையில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் யார் போட்டோ எடுத்தது? நாடக நோட்டீஸ்களை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள், பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மீதி நோட்டீஸில் ஊர்ப் பெயரோடு சேர்ந்த மேடைப் பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று சான்று வாங்கி வரச் சொன்னார்கள். மூன்றாவது தடவை அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். இப்போது ஒரு குழந்தை பிறந்தநாள் கேக் வெட்டினால் நானூறு போட்டோ. சரி, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? மகள் ஆடுகிற ஒவ்வொரு மேடையின் அழைப்பிதழையும் அவள் சொந்தப் பெயரில் பத்திரமாக வையுங்கள், அதற்காகவும்தான்.

அனுப்புவதாக முடிவெடுத்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். எங்கள் காலத்தில் இல்லாத சட்டம் இப்போது இருக்கிறது. 2017-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, குழந்தையை நடிக்க வைக்கிற தயாரிப்பாளர் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிலையான வைப்பாகப் போட வேண்டும். இதை நீங்கள் கேட்டதும் முகம் சுளிக்கிற கம்பெனியிலிருந்து அப்போதே கிளம்பிவிடுங்கள். படிப்பையும் நிறுத்தாதீர்கள். நான் ஆறாம் வகுப்பை இரண்டு முறை படித்தவள், காலையில் கணக்குப் பாடத்தில் தூங்கிவிடுவேன்.

நான் ஏதோ தோற்றுப்போன வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால், கொஞ்சம் இருக்கலாம், மறுக்கவில்லை. அந்தப் படம் எப்போதாவது டிவியில் வரும். கட்டில் ஷாட் நாலு விநாடி. பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுவதற்குள் போய்விடும்.

நேற்று ராத்திரி உங்கள் கேள்வியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காது சரியாகக் கேட்காது, இரண்டு தடவை வாசித்தேன். சினிமா, நட்சத்திரம் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "புள்ளை எத்தனை கட்டையில பாடுது?" என்று மட்டும் கேட்டாள். எழுதுங்கள், சொல்லிவிடுகிறேன்.