ஊரில்லாத கிளப்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

கிழக்கு உக்ரைனில் சண்டை வெடித்த 2014-இலிருந்து அந்தப் பகுதியின் ஃபுட்பால் கிளப்பான ஷக்தார் தோனெத்ஸ்க் ஊர் ஊராக அலைவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கடைசிப் பத்தியில், கிரிமியாவின் தலைநகரான சிம்ஃபெரோபோலைச் சேர்ந்த தாவ்ரியா சிம்ஃபெரோபோல் என்று ஒரு கிளப்பைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். தேடிப் பார்த்தேன். உக்ரைனின் முதல் சாம்பியனாம்! அப்புறம் மூன்றாம் படி லீக்கில், வேறொரு சிறு நகரத்தில் ஆடியிருக்கிறது. ஆட்டக்காரர்கள் வேறு, மைதானம் வேறு, ஊர் வேறு. இதைப் பழைய தாவ்ரியா என்று எப்படிச் சொல்வது? பெயரை மட்டும் எடுத்து ஒட்டிய அரசியல் பலகைதானே? இவ்வளவு சின்ன கிளப் 1992-இல் எப்படி ஜெயித்தது என்பதும் புரியவில்லை. கிழக்கு உக்ரைனின் இன்னொரு கிளப்பான ஸோர்யா லுஹான்ஸ்கும் இதே கதைதானா?

கே.எம்.

*

அன்புள்ள கே.எம்.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

தாவ்ரியா 1958-இல் அவான்ஹார்ட் என்ற பெயரில் தொடங்கியது. 1963-இல் பெயர் மாறியது. சோவியத் காலத்தில் அது பெரும்பாலும் கீழ் லீகுகளில் காலம் தள்ளிய அணி. 1981-இல் ஒரே ஒரு முறை மேல் லீக்குக்குப் போனது, அதே ஆண்டில் இறங்கியும் வந்தது. விடுமுறைக்குக் கிரிமியா வருகிறவர்களுக்கு அந்த ஊரில் ஒரு ஃபுட்பால் அணி இருப்பதே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

1991 கடைசியில் சோவியத் யூனியன் உடைந்தது. உக்ரைன் அவசரமாகத் தனக்கென்று ஒரு லீகை அமைத்தது. 20 அணிகள், இரண்டு பிரிவுகள், ஆளுக்கு 18 ஆட்டங்கள், மார்ச்சில் தொடங்கி ஜூனில் முடிவு. பிரிவுகளில் முதலிடம் பிடிக்கும் இரண்டு அணிகளும் ஒரே ஒரு இறுதி ஆட்டத்தில் மோதும். சின்ன அணிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது. முழு ஆண்டு லீக் என்றால் பெரிய அணி எப்படியும் மேலே வந்துவிடும். ஒரே ஆட்டம் என்றால் எதுவும் நடக்கலாம்.

தாவ்ரியா இருந்த பிரிவில் ஷக்தாரும் ஒதேசாவின் சோர்னோமோரெத்ஸும் இருந்தன. இரண்டுமே முந்தைய ஆண்டு சோவியத் மேல் லீக்கில் ஆடியவை. தாவ்ரியா வந்ததோ அதற்கு அடுத்த படியிலிருந்து. இருந்தும் பிரிவில் முதலிடம் பிடித்தது. மறு பிரிவில் எல்லோரும் எதிர்பார்த்தபடி தினமோ கீவ். பதின்மூன்று முறை சோவியத் சாம்பியன், கடைசிப் பட்டம் 1990-இல்தான். ஆனால் அந்தத் தினமோ அதற்குள் கரைந்துகொண்டிருந்தது. ஸவாரோவ் யுவென்டஸுக்கும், ப்ரோதாஸோவ் ஒலிம்பியாகோஸுக்கும், மிகைலிசென்கோ சம்ப்டோரியாவுக்கும் போய்விட்டார்கள். கதவு திறந்ததும் நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக வெளியே கிளம்பிய காலம் அது.

ஜூன் 21, 1992. இடம் லிவிவ். முக்கால்வாசி நேரம் கோல் இல்லை. ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது செர்ஹி ஷெவ்சென்கோ அடித்தார். 1-0. (புகழ்பெற்ற ஆந்த்ரி ஷெவ்சென்கோ வேறு ஆள், அவர் அப்போது தினமோவின் இளைஞர் அணியில் இருந்த பையன்.) பயிற்சியாளர் அனதோலி ஸயாயெவ். அந்த லீக்கில் அதிக கோல் அடித்தவரும் தாவ்ரியாக்காரர்தான், யூரி ஹுதிமென்கோ, 12 கோல்கள். அதற்குப் பிறகு 2025 வரை தினமோவையும் ஷக்தாரையும் தவிர வேறெந்த அணியும் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை. அவசர ஏற்பாட்டில் விழுந்த அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த ஏற்பாடு தினமோவுக்கும் அதே ஏற்பாடுதானே?

அதோடு உச்சம் முடிந்தது. சாம்பியன்ஸ் லீக்கில் அயர்லாந்தின் ஷெல்போர்னைத் தாண்டினார்கள், டப்ளினில் 0-0, வீட்டில் 2-1. அடுத்த சுற்றில் சுவிட்சர்லாந்தின் சியோன் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஏழு கோல் போட்டு அனுப்பிவிட்டது. பிறகு நடுத்தர வாழ்க்கை. 2010-இல் மட்டும் உக்ரைன் கோப்பையை வென்றார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 1992 முதல் 2014 வரை ஒரு சீசன்கூட விடாமல் மேல் லீக்கில் ஆடிய அணிகள் நான்குதான். தினமோ, ஷக்தார், ட்னிப்ரோ, நான்காவது தாவ்ரியா.

இனி உங்கள் முதல் கேள்வி. 2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பழைய தாவ்ரியா கலைந்தது. அந்தக் கோடையில் சிம்ஃபெரோபோலில் டிஎஸ்கே என்ற புது கிளப் முளைத்து, ரஷ்ய லீக்கின் கீழ்ப்படியில் ஆடத் தொடங்கியது. உக்ரைன் சங்கம் புகார் செய்ய, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூயெஃபா 2015 ஜனவரியிலிருந்து கிரிமிய அணிகள் ரஷ்ய லீகுகளில் ஆடக்கூடாது என்று தடுத்தது. பதிலுக்குக் கிரிமியாவுக்குள்ளேயே எட்டு அணிகளோடு ஒரு தனி லீக். டிஎஸ்கே பின்னாளில் தன் பெயரோடு தாவ்ரியாவையும் சேர்த்துக்கொண்டது.

உக்ரைன் பக்கத்திலும் தாவ்ரியாவை உயிர்ப்பித்தார்கள். இடம் பெரிஸ்லாவ், கெர்சோன் மாநிலத்தில் ட்னிப்ரோ ஆற்றின் வலக்கரையில் ஒரு சிறு நகரம். சிம்ஃபெரோபோலிலிருந்து 200 கி.மீ.க்குச் சற்று அதிகம், ஆனால் கிரிமியாவின் நுழைவாயிலான பெரெகோப் அங்கிருந்து வான்வழியில் சுமார் 80 கி.மீ.தான். 2016-இல் அமெச்சூர் போட்டி, 2017-இல் இரண்டாம் லீக். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், உச்சத்தில் பிரீமியர், அதன்கீழ் முதல் லீக், அதற்கும் கீழேதான் ‘இரண்டாம்’ லீக். அங்கிருந்து மேலே ஏறவே இல்லை.

ஆக ஒரே காலத்தில் இரண்டு தாவ்ரியாக்கள். ஒன்றுக்குச் சொந்த ஊரும் உள்ளூர் ஆட்களும் உண்டு, ஆனால் அது ஆடிய லீக்கிலிருந்து மேலே போக வழியில்லை, ஐரோப்பா எட்டாது. மற்றொன்றுக்கு ஏறிப் போக ஏணி உண்டு, ஊர் இல்லை. நீங்கள் ‘அரசியல் பலகை’ என்கிறீர்கள். பாதி சரி. பெரிஸ்லாவ் தாவ்ரியாவைத் தூக்கி நிறுத்தியதில் ஃபுட்பாலைவிட உரிமைகோரலுக்கே பெரிய பங்கு. ஆனால் ஃபுட்பாலில் உரிமைகோரல் வெறும் வாய்ப்பேச்சாக நிற்பதில்லை. எந்தச் சங்கத்தின் பதிவேட்டில் கிளப் இருக்கிறது, யார் நடத்தும் போட்டியில் ஆடுகிறது என்பதெல்லாம் கேள்வி. அந்த வழக்கில் நான் பெரிஸ்லாவ் பக்கம். அதே அணிதானா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெயருக்கு நியாயமான காப்பாளர், அவ்வளவுதான்.

அதுவும் நிலைக்கவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யாவின் முழு அளவிலான போர் தொடங்கியதும் லீக் நின்றது, பெரிஸ்லாவே ரஷ்யப் படையின் கைக்குப் போனது. அடுத்த சீசன் தொடங்கியபோது தாவ்ரியா அதில் இல்லை. நவம்பரில் நகரம் மீண்டது, ஆனால் அக்கரையில் ரஷ்யப் படை, குண்டு விழாத நாள் அபூர்வம். அந்த வட்டாரத்தில்தான் 2023 ஜூன் 6-இல் ககோவ்கா அணை உடைந்தது.

ஸோர்யா வேறு கதை. 1972-இல் சோவியத் சாம்பியனான கிளப் அது. 2014-இல் லுஹான்ஸ்கை விட்டு வெளியேறினாலும் அணி கலையாமல் ஸபோரிஷியாவில் ஆடியது, மேல் லீக்கிலேயே நீடித்தது. ஆட்டக்காரர்களும் நிர்வாகமும் தொடர்ந்ததால் அங்கே உங்கள் கேள்வி எழவில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்.