எக்ஸ்ரேயில் நிழல் என்றால் மறுபடியும் டிபியா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. கல் பாலிஷ் பட்டறையில் வேலை பார்த்தவர். 5 வருடம் முன்பு டிபிக்கு 6 மாதம் மருந்து சாப்பிட்டு முடித்தார். இப்போது எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் மேல்பகுதியில் நிழல் என்று எழுதியிருக்கிறார்கள். டிபி திரும்பிவிட்டதா?

பதில்: பழைய ஃபிலிம் வீட்டில் இருக்கிறதா? முதலில் அதைத் தேடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. கிருஷ்ணகிரியில் 14 வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். பர்கூர், ஜெகதேவி பக்கம் கல் வேலை செய்கிறவர்கள் நிறைய வருவார்கள். டிபி ஆறினாலும் தழும்பு போகாது. ஒவ்வொரு படத்திலும் வெள்ளையாகத் தெரியும். கல் தூசியால் வரும் சிலிகோசிஸும் பெரும்பாலும் அதே மேல்பகுதியில்தான் புள்ளி புள்ளியாக விழும். போதாததற்கு, சிலிகோசிஸ் உள்ளவருக்கு டிபி தொற்றும் வாய்ப்பும் அதிகம். படத்தை மட்டும் வைத்து இது எது என்று அடித்துச் சொல்ல முடியாது.

என் பெரியப்பாவுக்கு இதுதான் நடந்தது. ஓரிடத்தில் புதுப் படத்தை மட்டும் பார்த்து மறுபடியும் டிபி மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் கண் மஞ்சளாகிவிட்டது. வேறு டாக்டரிடம் போகும்போது பெரியம்மா பீரோவுக்கு மேலே கிடந்த பழைய கவரைத் தூசி தட்டி எடுத்து வந்தார். இரண்டு ஃபிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன். அதே இடம், அதே கோடு, இம்மியும் மாறவில்லை. சளியிலும் கிருமி இல்லை. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். (நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.)

சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். சளியில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகளில் சில மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். ஆனால் ஏற்கெனவே டிபி வந்தவர் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். செத்த கிருமியின் மிச்சத்தையும் அந்தக் கருவி பாசிட்டிவ் என்று காட்டலாம். சந்தேகம் வந்தால் கல்ச்சருக்கு, அதாவது உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவார்கள். அது வர 6 வாரம்கூட ஆகும்.

எங்கள் பக்கத்துத் தப்பும் உண்டு. மூச்சை முழுதாக இழுத்துப் பிடிக்காவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்து, நிமோனியா மாதிரி காட்டும். பின்னல் தோளில் விழுந்தால் அதுவே மேலே ஒரு நிழல். ஒரு பாட்டிக்குக் கொண்டையை அவிழ்த்து உச்சியில் முடிந்து மறுபடி எடுத்தேன், நிழலைக் காணோம்! ஆஸ்துமாவில் தலைகீழ்: மூச்சு வாங்கிக்கொண்டே வருவார்கள், படம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

அப்புறம், என்ன வேலை என்று டாக்டர் கேட்டால் நம் ஆட்கள் 'கூலி' என்று முடித்துவிடுவார்கள். கல் பாலிஷ், எத்தனை வருடம் என்று நீங்களே சொல்லுங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் பழைய ஃபிலிம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே சளி கொடுத்துவிடுங்கள்.