வீட்டில் படிக்கும் மகள் நீட் எழுத முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. நான்காம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி, நானும் கணவரும் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். சந்தோஷமாகப் படிக்கிறாள். போன மாதம், "அம்மா, நான் டாக்டர் ஆகணும்" என்றாள். "ஓப்பன் ஸ்கூல்ல படிச்சா நீட்டே எழுத முடியாது, பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்க" என்கிறார் என் அண்ணன். எனக்குத் தூக்கமே இல்லை. இப்போதாவது பள்ளியில் சேர்த்துவிட வேண்டுமா?
- ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் மகள் நீட் எழுதலாம்.

உங்கள் அண்ணன் சொன்னது கற்பனை அல்ல, பழைய செய்தி. 2018 ஜனவரியில் அப்போதைய மருத்துவக் கவுன்சில் அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. திறந்தநிலைப் பள்ளியில், அதாவது வீட்டிலிருந்தே படித்துப் பொதுத்தேர்வு எழுதும் ஓப்பன் ஸ்கூலில், படித்த பிள்ளைகள் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு மே மாதம், அந்த விதி செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போய் 2024-இல்தான் முடிந்தது. அதற்குள், கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையமே விதியை மாற்றி, அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பள்ளி மாணவர்களை ஏற்றுக்கொண்டிருந்தது. அண்ணனிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். மருமகள் மேல் உள்ள அக்கறையில்தான் பேசியிருக்கிறார்.

சரி, வழி எப்படி? தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்.ஐ.ஓ.எஸ்.) 14 வயது முடிந்ததும் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். பத்து முடித்து இரண்டு ஆண்டு இடைவெளி இருந்தால்தான் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் முழுதாகக் கிடைக்கும். எம்.பி.பி.எஸ். சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் அவளுக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே அவசரமே இல்லை. பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் கட்டாயம். ஐந்தாவது பாடமாகக் கணக்கை எடுக்கச் சொல்வேன், இயற்பியலுக்குக் கைகொடுக்கும்.

பதிவை நேரடியாக இணையத்தில் நீங்களே செய்யுங்கள். "பாஸ் கியாரண்டி" என்று பணம் கேட்பவர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

எனக்கு உள்ள உண்மையான கவலை வேறு. ஆய்வகம். டைட்ரேஷன் போன்ற வேதியியல் செய்முறையைப் புத்தகத்தில் படித்தால் கைக்கு வராது. பன்னிரண்டில் மூன்று அறிவியல் பாடங்களுக்கும் செய்முறைத் தேர்வு உண்டு. திறந்தநிலைப் பள்ளியின் படிப்பு மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரில் போய், ஆய்வகம் இருக்கிறதா, மைக்ராஸ்கோப்பைப் பிள்ளைகள் தொட விடுகிறார்களா என்று பாருங்கள். அங்கே நடக்கும் வகுப்புகளைத் தவற விடாதீர்கள். பத்து முடித்தபின், பதினொன்றிலிருந்து பள்ளியில் படிக்கிறேன் என்று அவளே கேட்டாலும் தடுக்க வேண்டாம். டாக்டராக வேண்டும் என்பதற்காக மட்டும் இப்போதே பள்ளியில் சேர்க்கத் தேவையில்லை என்பதே என் கருத்து.

நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். பாதிக் கேள்விகள் உயிரியல். தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். திறந்தநிலைப் பள்ளியின் பாடநூல் மட்டும் இதற்குப் போதாது, மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகங்களை வரிவரியாகப் படிக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்வியே இறுதி. அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பழக்குங்கள்.

ஒரு இழப்பையும் சொல்லிவிட வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உங்கள் மகளுக்குக் கிடைக்காது. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இன்று கொண்டுபோய்ச் சேர்த்தாலும் அந்த ஆண்டுகள் திரும்ப வராது. எளிய குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்தான், நான் மறைக்கவில்லை. சாதிவாரி இட ஒதுக்கீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு, தமிழ்நாட்டில் படித்ததற்கான பள்ளிச் சான்று உங்களிடம் இருக்காது என்பதால், நேட்டிவிட்டி சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பெற்றோரின் சான்றுகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். டி.சி.க்கு என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம், திறந்தநிலைப் பள்ளியே மாற்றுச் சான்றிதழும் கொடுக்கும்.

அப்புறம், மனிதர்கள். நான் எம்.பி.பி.எஸ். முதல் வருடம் படித்தபோது உடற்கூறியல் கூடத்தில் ஒரு மேசையைச் சுற்றி பத்துப் பன்னிரண்டு பேர் நிற்போம். ஒருவர் வெட்ட, ஒருவர் புத்தகம் படிக்க, மற்றவர்கள் நரம்பைத் தேடுவோம். மயக்கம் வந்தவளைத் தாங்கிப் பிடித்ததும் அந்தக் கூட்டம்தான். அம்மா அப்பாவோடு மட்டும் படித்த பிள்ளைக்கு அது முதலில் மிரட்சியாக இருக்கும். இப்போதிருந்தே நாலு பேரோடு சேர்ந்து படிக்கும், விளையாடும் வாய்ப்பை உண்டாக்குங்கள். ஏன் டாக்டர் ஆக வேண்டும் என்று ஒருநாள் அவளைக் கேட்டுப் பாருங்கள், பதிலைத் திருத்தாமல் கேளுங்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிந்த நர்ஸ் யாராவது இருந்தால், அவள் போய்ப் பேசிவிட்டு வரட்டும்.

பத்தாம் வகுப்புப் பதிவுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் அவள் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கின்றனவா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.