காட்டுப்பன்னிக்கு செமி ஆட்டோ துவக்கா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம் பாதிக்கு மேல காட்டுப்பன்னி பத்தியும் துவக்கு பத்தியும்தான். அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வெச்சுட்டு முழுப் பக்கத்தையும் இதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: அண்ணே, நான் வெலிமடை பக்கம். முக்கா ஏக்கர்ல கெழங்கு போட்டிருக்கேன். பன்னி கூட்டமா வந்து போன மாசம் மட்டும் பாதிப் பாத்திய பொரட்டிப் போட்டுடுச்சு. யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க செமி ஆட்டோமெட்டிக் ரைபிள வெச்சு ஒரே நேரத்துல நாலஞ்சு பன்னிய விழுத்துறாங்க. குறைஞ்ச செலவுல அப்படி ஒன்னு வாங்க வழி இருக்கா? இல்லாட்டி பார்ட்ஸ் எடுத்து எங்க ஊர் வெல்டிங் பாஸ்கிட்ட குடுத்து செஞ்சுக்கலாமா?

பதில்: தம்பி, ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா உங்க கையும் கண்ணும் அதுலதான் இருக்கு. பாஸ்கிட்ட குடுத்து செய்யவே செய்யாதீங்க. நான் பொறந்த தோட்டத்துல ஒரு மாமா இருந்தாரு, வாலிப வயசுல பைப்புல செஞ்ச துவக்கு ஒன்ன பன்னிக்கு வெச்சுக்கிட்டு சுத்துனவரு, ஒரு ராத்திரி அது முன்னால வெடிக்காம பக்கவாட்டுல பொளந்துருச்சு. இடது கையில பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நான் சின்னப் பிள்ளையா அவர் வீட்டுக்குப் போனா பிளேன்டீ கோப்பைய வலது கைக்கும் இடது மணிக்கட்டுக்கும் நடுவுல அணைச்சு தூக்கிக் குடிப்பாரு, சூடு படுதேன்னு மொகத்த சுளிக்கிறது இன்னும் கண்ணுல நிக்குது. அதுவும் சும்மா ஒத்தக் குழல் நாட்டுத்துவக்கு. நீங்க கேக்குறது ரைபிள்.

வித்தியாசத்த சொல்றேன். 12 போர் சொட்கன் தோட்டா வெடிக்கும்போது உள்ள உண்டாகுற அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு சுமார் 11,000 ராத்தல். பெரிய மிருகத்துக்கு பாவிக்கிற .308 மாதிரி ரைபிள் தோட்டான்னா அது 60,000 ராத்தலுக்கு வந்துரும். செமி ஆட்டோன்னா இன்னொரு சிக்கலும் சேருது. சுட்டவுடனே அந்த வாயுவோட வேகத்தையோ பின்னால ஒதைக்கிற வேகத்தையோ வெச்சு துவக்கே தானா குழலோட பின்வாய மூடுற கதவத் தெறந்து வெறும் கோதை வெளிய தள்ளி அடுத்த தோட்டாவ ஏத்திக்கும், விசைய ஒவ்வொரு தடவ இழுக்கும்போதும் ஒரு வெடி. அந்தக் கதவு குண்டு குழல விட்டுப் போயி அழுத்தம் எறங்குற வரைக்கும் பூட்டியே இருக்கணும், இதெல்லாம் கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள நடந்து முடியுற விஷயம், கொஞ்சம் முந்தித் தெறந்துச்சுன்னா பித்தளைக் கோது கிழிஞ்சு அந்த நெருப்பு மொத்தமும் சுடுறவரோட மொகத்துக்குத்தான் வரும். வெல்டிங் பாஸ் கேட் நல்லா செய்வாரு, அதுக்காக இத அவர் தலையில கட்டக்கூடாது.

அப்போ அமெரிக்காக்காரங்க வீட்ல வெச்சு செய்றாங்களேன்னு கேப்பீங்க. அவங்க செய்றது பெரும்பாலும் பூட்டுறதுதான். ஏஆர் 15 மாதிரி துவக்குல கீழ்ப்பகுதி பிரேம்தான் அங்க சட்டப்படி துவக்கு, அத முறையா வாங்கிட்டு, குழல், கதவு, ஸ்பிரிங் எல்லாத்தையும் பெக்டரில அளவு பார்த்து, டெஸ்ட் பண்ணி வித்தத எடுத்து மாட்டுறாங்க. அழுத்தம் தாங்குற பாகத்த அவங்க வீட்டுக் கராஜுல வெல்டிங் பண்றதில்ல. அப்படிப் பூட்டினாலும் காசு மிச்சமாகுறது குறைவு, ஒவ்வொரு பார்ட்டா வாங்குறப்போ கூட்டிப் பார்த்தா பல நேரம் கடைல முழுசா வாங்குற விலைய தாண்டிரும், தனக்குப் புடிச்ச மாதிரி வேணும்னு செய்றவங்கதான் அங்க அதிகம்.

இனி சட்டம். நம்ம நாட்டுல லைசன்ஸ் இல்லாம துவக்கு செய்றதும் வெச்சிருக்கிறதும் 1916ம் ஆண்டு 33ம் இலக்க துப்பாக்கிச் சட்டப்படி குத்தம், 1996ல தண்டனைய இன்னும் கடுமையாக்கினாங்க. புடிபட்டா உள்ள போறது நீங்க மட்டும் இல்ல, அந்த பாஸும்தான், அவருக்கும் புள்ளகுட்டி இருக்கும். பயிர் காக்குறதுக்குன்னு லைசன்ஸ் குடுக்குறது சொட்கனுக்கு. செமி ஆட்டோ ரைபிள் அந்தக் கணக்குல வராது.

ஆனா சட்டமே விட்டாலும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன், காரணம் நம்ம மலை. நீங்க பாத்தி ஓரமா ராத்திரி நின்னு பாருங்க, எதிர்ல சரிவு, சரிவுல தோட்டத்துச் சனம் குடியிருக்கிற லயம், லயத்துக்குக் கீழ ரோடு, அதுக்குக் கீழ இன்னொருத்தரோட லீக்ஸ் பாத்தி. யூடியூப்ல நீங்க பார்த்தது பெரும்பாலும் டெக்சாஸ் மாதிரி மைல் கணக்கா ஆள் இல்லாத நெலம். .308 குண்டு தவறிப் போனா 3 கிலோமீட்டருக்கு மேலயும் போகும், சின்ன .22 கூட ஒன்றரை கிலோமீட்டர் வரைக்கும் போகும். பனிமூட்டத்துல டோர்ச் வெளிச்சம் வெள்ளைச் சுவரா திரும்பி வர்ற ராத்திரில, ஓடுற பன்னிக்கு படபடன்னு அஞ்சு வெடி வெச்சீங்கன்னா அதுல எத்தனை பன்னில படும், மிச்சம் எந்த வீட்டுத் தகரத்துல போயி நிக்கும்? இதாலதான் செமி ஆட்டோ நமக்கு ஆகவே ஆகாதுன்னு சொல்றேன். சொட்கன்ல எஸ்.ஜி தோட்டா போட்டா எட்டு ஒன்பது பெரிய குண்டு, ஒரு 30, 35 மீட்டருக்குள்ள பன்னிய விழுத்தும், அதத் தாண்டினா வேகம் சீக்கிரமா கொறஞ்சிரும். நமக்கு வேண்டிய தூரமே அவ்வளவுதான். அதுலயும் மண்மேடு பின்னால இருக்குற பக்கம் பார்த்துத்தான் சுடணும்.

உங்க பேர்ல காணி உறுதி இருந்தா கிராம சேவகரப் பார்த்து, பயிர்ச் சேதத்த போட்டோவோட காட்டி, பொலிஸ் அறிக்கை, பிரதேச செயலகம், மாவட்ட செயலகம்னு முறையா விண்ணப்பிங்க. லைசன்ஸ வருஷா வருஷம் புதுப்பிக்கணும். அலைச்சல்தான், மறுக்கல. தோட்டத்துல லயத்து ஓரம் ரெண்டு பாத்தி வெச்சிருக்கிற நம்ம சனத்துக்கு உறுதிக் காணியே இல்லாததால அந்த வழியும் சுலபமா தெறக்காது, அது எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்குற வேதனை. அவங்களுக்கான பதில் கடைசிக் கேள்வில இருக்கு.

கேள்வி: அட்டன்ல பொறந்து இப்போ கனடா, அல்பர்ட்டால இருக்கேன். கூட வேலை செய்றவங்களோட மான் வேட்டைக்குப் போக ஆசை. கையில காசு கம்மி. பழைய எஸ்கேஎஸ் செமி ஆட்டோ ஒன்னு மலிவா கெடைக்குதுன்றாங்க. எடுக்கலாமா?

பதில்: மொதல்ல அந்த நாட்டு பாதுகாப்பு கோர்ஸ முடிச்சு துவக்கு வெச்சிருக்கவும் வாங்கவும் வேண்டிய பிஏஎல் லைசன்ஸ் எடுத்துருங்க, அது இல்லாம விலை கேக்கவே வேணாம். எஸ்கேஎஸ்ங்கிறது சிமோனோவ்ங்கிறவர் 1945ல சோவியத் ராணுவத்துக்காக வடிவமைச்சது, உறுதியான சாமான், மழை சேறு தாங்கும். ஒரு காலத்துல 200 டொலர் அளவுல கெடைச்சதாலதான் வேட்டைக்காரங்க மத்தியில அவ்வளவு பரவுச்சு. ஆனா அதோட 7.62x39 தோட்டா மானுக்கு ஒரு 150 யார் வரைக்கும்தான் நம்பலாம், அல்பர்ட்டா வெட்டவெளில மான் அதுக்கு அங்கிட்டு நிக்கும். மலிவுப் பெட்டில வர்ற பழைய ராணுவத் தோட்டா வேட்டைக்கு ஆகாது, முழுக்க உலோகம் மூடின குண்டு விரியாம துளைச்சுக்கிட்டுப் போயிரும், மான் காயத்தோட ஓடி எங்கயோ போயி துடிச்சுச் சாகும். அந்தப் பாவம் நமக்கு வேணாம். பழைய தோட்டாவுல பலது குழல அரிக்கிற உப்பையும் விட்டுட்டுப் போகும், சுட்ட அன்னைக்கே தண்ணி விட்டு கழுவி, காயவெச்சு, எண்ணெய் போடணும்.

இன்னொன்னு, அங்க சட்டம் மாறிக்கிட்டே இருக்கு. 2020 மே 1ம் திகதி 1,500 மொடலுக்கு மேல தடை பண்ணினாங்க, ஏஆர் 15 அதுலதான் போச்சு, 2024 டிசம்பர்ல இன்னும் 324 மொடல சேர்த்தாங்க. எஸ்கேஎஸ் மாதிரி செமி ஆட்டோ ரைபிள்ல மெகசின் 5 தோட்டாவுக்கு மேல இருக்கவும் கூடாது. பிரிட்டன் 1988லயும், ஆஸ்திரேலியா 1996லயும், நியூசிலாந்து 2019லயும் செமி ஆட்டோவ பெருமளவு நிறுத்தினதுக்குப் பின்னால ஒவ்வொரு ஊர்லயும் ஒரு படுகொலை இருக்கு. காசு கம்மியா இருக்குற ஆளு, நாளைக்கே தடையாகக் கூடிய சாமான்ல போயி காசப் போடக்கூடாதுங்கிறது என்னோட கருத்து.

நான்னா போல்ட் எக்‌ஷன் எடுப்பேன். கையால இழுத்து ஏத்துற துவக்கு. ஓடுற உறுப்பு கம்மி, அதனால அதே விலைக்கு குறி சுத்தமா இருக்கும், கெட்டுப்போறதும் கம்மி. சவேஜ் 110 வந்தது 1958ல, ரெமிங்டன் 700 வந்தது 1962ல, ரெண்டுமே செகண்ட் ஹேண்ட்ல நெறைய சுத்துது. வாங்குறப்போ துவக்கு காலியான்னு மொதல்ல பார்த்துட்டு, போல்ட்ட கழட்டி வெளிச்சத்துக்கு நேரா குழலுக்குள்ள பாருங்க, உள்ள சுத்துற வரி கூரா பளபளன்னு தெரியணும், சொறிசொறியா துருக்குழி இருந்தா விட்டுட்டு வந்துருங்க. நம்பிக்கையான துவக்கு மெக்கானிக் ஒருத்தர்கிட்ட ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்ட மூடினா தோட்டா உள்ள சரியான இடைவெளில உக்காருதான்னு பார்க்கச் சொல்லுங்க. மிச்சம் புடிச்ச காச நல்ல ஸ்கோப்புக்கும், பழகுறதுக்கு நாலஞ்சு பெட்டி தோட்டாவுக்கும் போடுங்க. மானுக்கு வேண்டியது சரியான இடத்துல ஒரே ஒரு வெடி. மலைப்பக்கம் போனா, நல்ல சரிவுல மேல பார்த்து சுட்டாலும் கீழ பார்த்து சுட்டாலும் குண்டு குறிக்குக் கொஞ்சம் மேலதான் படும், அதையும் பழகும்போதே பார்த்துக்குங்க.

கேள்வி: பொகவந்தலாவைல இருந்து எழுதுறேன் அண்ணே. எங்க வீட்டுக்காரர் துவக்கு இல்லாததால பாத்தி ஓரத்துல சுருக்குக் கம்பி வெக்கிறாரு. பன்னி மட்டும்தான் மாட்டும்னு சொல்றாரு. எனக்குப் பயமா இருக்கு.

பதில்: உங்க பயம் சரியானதுதான் தங்கச்சி. சுருக்குக்கு பன்னி எது சிறுத்தை எதுன்னு தெரியாது. நம்ம தேயிலை மலையிலயும் அத ஒட்டின காட்டுலயும் சிறுத்தை சாதாரணமா நடமாடுது, பன்னி வர்ற அதே ஒத்தையடிப் பாதையிலதான் அதுவும் வரும். 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் தோட்டத்துல ஒரு கருஞ்சிறுத்தை, காணவே கெடைக்காத ஜீவன், கழுத்துல கம்பி இறுகிக் கெடந்துச்சு. மயக்க மருந்து குடுத்து எடுத்து உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாள்ல செத்துப்போச்சு. மாட்டின மிருகம் இழுக்க இழுக்க கம்பி சதைக்குள்ள எறங்கும், வெளிய பார்க்க ஒரு கோடு மாதிரிதான் தெரியும், உள்ள தொண்டையே அறுந்திருக்கும். உசிரோட மாட்டின சிறுத்தைய அவிழ்க்கப் போன ஆளுங்க கடிபட்டதும் நம்ம மலைநாட்டுல நடந்ததுதான். சிறுத்தை பாதுகாக்கப்பட்ட மிருகம், சுருக்கு வெச்சவருக்கு வழக்கும் வரும். ஏதாவது மாட்டிக்கிட்டா கிட்டப் போகாம வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992ங்கிற போன் நம்பர்ல சொல்லுங்க.

பாதையில கட்டி வெச்சு, மிருகம் கம்பியத் தொட்டா தானா வெடிக்கிற கட்டுத்துவக்கு வெக்கலாமான்னும் வேற ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. வேணவே வேணாம். அந்தக் குழல பன்னியோட நெஞ்சு உயரத்துக்குத்தான் கட்டுவாங்க. பெரிய ஆளுக்கு அது முழங்கால், வெறகு பொறுக்கப் போற சின்னப் புள்ளைக்கு வயிறு.

கேள்வி: வீட்டு கரண்ட இழுத்து கம்பில குடுத்தா பன்னி வராதாம், உண்மையா? நுவரெலியாவுல இருந்து ஒரு வாசகர்.

பதில்: பன்னி வராது, விடியக்காலைல கொழுந்து எடுக்கப் போற பொம்பளையும் உசிரோட வீடு வந்து சேரமாட்டா. வீட்டு கரண்ட் 230 வோல்ட் விடாம ஓடும், புடிச்ச கை இறுகிப் போயி விட முடியாது. கடைல விக்கிற வேலி எனர்ஜைசர் வேற மாதிரி. பல ஆயிரம் வோல்ட் அடிச்சாலும் ஒரு செக்கன்ல ரொம்பச் சின்னத் துணுக்கு நேரம்தான், அப்புறம் சுமார் ஒரு செக்கன் இடைவெளி, அதுக்குள்ள பன்னி மூக்க எடுத்துரும், மனுசனும் கைய எடுத்துருவான். சோலர் பெனல் வெச்சது கெடைக்குது. செலவு பெருசா அந்தப் பெட்டிக்குத்தான், கம்பிக்கு இல்ல, அதனால பக்கத்துப் பக்கத்து பாத்திக்காரங்க அஞ்சாறு பேர் சேர்ந்து ஒரே பெட்டில எல்லா பாத்தியையும் சுத்திரலாம். உறுதி இல்லாத பாத்திக்கும் இது ஆகும், தோட்ட நிர்வாகத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடுங்க.

கீழ்க் கம்பி மண்ணுல இருந்து 20 சென்டிமீட்டர், அடுத்தது 45. பன்னியோட ஈர மூக்கு மொதல்ல படுறது அந்தக் கீழ்க் கம்பிலதான், மூக்குல ஒரு தடவ வாங்கினா அந்தப் பக்கம் திரும்பி வர யோசிக்கும். கெழங்கு எறங்குறதுக்கு முன்னாடியே வேலியப் போட்டுருங்க, ருசி கண்டதுக்கப்புறம் போட்டா முட்டிக்கிட்டு உள்ள வரப் பார்க்கும். நம்ம மழைக்கு புல்லு ஒரு வாரத்துலயே கம்பியத் தொட்டுரும், தொட்டா கரண்ட் மண்ணுக்குள்ள போயிரும், அதனால ஞாயித்துக்கிழமைக்கு ஒருக்கா அருவாள எடுத்துக்கிட்டு ஒரு சுத்து சுத்தி வெட்டிருங்க. ஊவாப் பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மண்ணு காஞ்சு எர்த் கம்பி வேலை செய்யாம போகும், அந்த நாள்ல சாயங்காலம் அதோட அடில ரெண்டு வாளி தண்ணி ஊத்தி விடுங்க.