ஹாலில் வைத்துக் கேட்ட கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஐ.டி.யில் டேட்டா சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அட்டவணையில் கண் நின்றுவிட்டது. கல்யாணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில், கணவரிடம் அடியோ பாலியல் வன்முறையோ என்றைக்காவது அனுபவித்தவர்கள் தமிழ்நாட்டில் 38 சதவீதமாம். பீகார் 40. கேரளா 10. இமாச்சலம் 8. கர்நாடகா முந்தைய சுற்றில் 20.6, இதில் 44.4. பெண்கள் இவ்வளவு படித்து வேலைக்குப் போகிற மாநிலத்தில் இது எப்படி?

சோதித்துப் பார்க்கலாம் என்று ஊருக்குப் போனபோது கேள்வித்தாளை டவுன்லோட் செய்து அம்மாவிடமும் அக்காவிடமும் வாசித்துக் காட்டினேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா ‘வேலை வெட்டி இல்லையா உனக்கு’ என்று சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ‘உங்கம்மாதான்டா என்னை அடிப்பா’ என்றார். மூன்றில் ஒரு வீட்டில் அடி விழுகிறது என்றால் எங்கள் தெருவில் எனக்குத் தெரியாமலா இருக்கும்? இந்தக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம்? 15 சதவீத வீடுகளில்தான் இதைக் கேட்கிறார்களாம், அது போதுமா? ஆண்கள் வாங்கும் அடியை ஏன் யாரும் அளப்பதில்லை?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு வேலை காரணம் இல்லை, கோபம்தான். அந்த டிவி சத்தத்தைக் குறைத்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கடிதத்தை மூடி வைத்துவிடுவேன். இப்போது ஆறியிருக்கிறது, பாதியாவது.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். 15 சதவீதம் என்பது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் 15 சதவீதம். மாநில அளவுக்கு அது தாராளம். மாவட்டவாரியாக வேண்டுமென்றால்தான் போதாது, அதனால்தான் இதை மாவட்டவாரியாகத் தருவதில்லை. டேட்டாவில் வேலை பார்க்கிறவர் இதை என்னிடம் கேட்கக்கூடாது. அப்புறம் ஆண்கள் வாங்கும் அடி. உங்கள் அப்பா அடித்த ஜோக்குக்கும் அந்தத் தாளில் ஒரு கேள்வி இருக்கிறது தம்பி: கணவர் உங்களை அடிக்காதபோது நீங்களாக அவரை அடித்ததுண்டா என்று பெண்களிடமே கேட்கிறார்கள். ஆமாம் என்பவர்கள் மிகச் சொற்பம். விடுங்கள்.

இப்போது ஹாலுக்கு வருவோம்.

நீங்கள் செய்த ‘சோதனை’யில் எத்தனை விதிகளை மீறினீர்கள் தெரியுமா? ஒரு வீட்டில் எத்தனை பெண்கள் இருந்தாலும் இந்தக் கேள்விகளை ஒரே ஒருத்தியிடம்தான் கேட்கவேண்டும், அவளையும் குலுக்கல் முறையில்தான் எடுக்கவேண்டும். இன்னொருத்திக்கு இப்படி ஒரு பகுதி இருப்பதே தெரியக்கூடாது, ஏனென்றால் மாமியாரிடம் கேட்டதை மருமகளிடமும் கேட்டால் ராத்திரி வீட்டில் ‘நீ என்ன சொன்னே’ என்று ஆரம்பித்துவிடும். கேட்பவர் பெண்ணாக, பயிற்சி பெற்றவராக இருக்கவேண்டும். பக்கத்தில் வேறு யாரும் இருக்கக்கூடாது. தனிமை கிடைக்கவில்லையா, அந்தப் பகுதியையே கேட்காமல் மூடவேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது வந்தால் சட்டென்று சாப்பாடு, தடுப்பூசி என்று பேச்சை மாற்றவேண்டும். நீங்கள் ஒரே வீட்டில் இரண்டு பெண்களை ஒன்றாக உட்காரவைத்து, ஆறடி தூரத்தில் அப்பா இருக்க, பெற்ற பிள்ளையே கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பூஜ்யம் வராமல் வேறு என்ன வரும்? உங்கள் அம்மாவுக்கு 49 தாண்டியிருந்தால் ஆய்வு அவரிடம் கேட்டிருக்கவே செய்யாது, அது வேறு.

இன்னொன்றும் கேட்கிறேன். அம்மா சிரிக்காமல் ‘ஆமாம்’ என்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? யோசித்துவிட்டா வாசித்தீர்கள்? கேட்பதற்கு முன்னால், பதில் வந்தால் எங்கே அனுப்புவது என்று தெரிந்து வைத்திருக்கவேண்டும் என்பது இந்தத் துறையில் பாலபாடம். 181 என்ற பெண்கள் உதவி நம்பர் உங்கள் போனில் இருந்ததா?

‘எங்கள் தெருவில் எனக்குத் தெரியாமலா’ என்கிறீர்கள். அதே அறிக்கையில் நாலு பக்கம் தள்ளிப் பார்த்திருக்கலாம். அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்த பெண்களில் 77 சதவீதம் பேர் அதை யாரிடமும் சொன்னதில்லை, உதவியும் கேட்டதில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, கூடப் பிறந்தவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் வந்து சொல்வாளாக்கும். கணவர், கணவர் வீட்டார் கொடுமை என்று 2022-ல் நாடு முழுக்கப் பதிவான வழக்குகள் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம். ஆய்வு காட்டும் மூன்று சொச்சப் பெண்ணுக்கு ஒருத்தி என்ற கணக்குக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள்.

நான் உண்மையில் பேச நினைத்தது கேள்வியைப் பற்றி. 1998-99-ல் நடந்த இரண்டாவது சுற்றில், 15 வயதுக்குப் பிறகு யாராவது உங்களை அடித்திருக்கிறார்களா, துன்புறுத்தியிருக்கிறார்களா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டார்கள். இந்திய அளவில் ஐந்தில் ஒருத்தி ஆமாம் என்றாள். (தமிழ்நாட்டில் அப்போதே 40 சதவீதம், பட்டியலின் உச்சி நாம்தான், இன்று புதிதாக அதிர வேண்டியதில்லை.) 2005-06-ல் கேட்கும் முறையை மாற்றினார்கள். மரே ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970-களில் போட்ட பட்டியலைத் தழுவி, ஒவ்வொரு செயலாகக் கேட்டார்கள். தள்ளினாரா, உலுக்கினாரா, எதையாவது உங்கள்மேல் வீசினாரா? கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா? அறைந்தாரா? முஷ்டியால் குத்தினாரா? உதைத்தாரா, இழுத்துப்போட்டு அடித்தாரா? கழுத்தை நெரித்தாரா, சூடு வைத்தாரா? கத்தியைக் காட்டி மிரட்டினாரா? கணவரிடம் அடிபட்டவர்கள் மூன்றில் ஒருத்திக்கு மேல் ஆனார்கள். ஏழு வருஷத்தில் இந்தியக் கணவர்களுக்குக் கை இவ்வளவு நீண்டுவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? கேள்விதான் நீண்டது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2008-ல் வேலை கிடைக்காமல் இருந்த காலத்தில், ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்துக்காக நாலு மாதம் வீடுவீடாகப் போனேன். அரசு ஆய்வு இல்லை, ஆனால் அதே மாதிரி பட்டியல். பள்ளிபாளையம் பக்கம் ஒரு லைன் வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. மாமியார் நகரவே மாட்டேன் என்று வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கூட வந்த பெண் அவரை எடை பார்க்கிறேன், பிரஷர் பார்க்கிறேன் என்று தெருக்கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள், அது எங்கள் வழக்கமான தந்திரம். தறிச் சத்தத்தில் நானும் அந்தப் பெண்ணும் நெற்றி முட்டுகிற மாதிரி உட்கார்ந்து பேசினோம்.

அறைஞ்சதெல்லாம் இல்லீங்க என்றாள். தலையைப் பிடித்து? “அது உண்டுங்க.” போன ஒரு வருஷத்தில் அடிக்கடியா, எப்போதாவதா? யோசித்தாள். “கூலி போடற சனிக்கிழமை மட்டுமுங்க. அது அடிக்கடியில வருமா, எப்பவாவதுல வருமா?”

வருஷத்துக்கு 52 சனிக்கிழமை. நான் பேனாவை வைத்துக்கொண்டு விழித்ததைப் பார்த்து அவளே இரக்கப்பட்டு, “எப்பவாவதுன்னே போட்டுக்குங்க கண்ணு, பாவம், மத்த நாள்ல நல்ல மனுசன்” என்றாள். அந்தச் சமயத்தில் கரண்ட் போனது. தறி அத்தனையும் ஒரே மூச்சில் நின்றது. எங்கள் இரண்டு பேர் குரலும் வீதிக்கே கேட்கும்போல இருந்தது. பேச்சை மாற்றவேண்டியது நான். பயிற்சி எனக்குத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் எனக்கு முன்னால் அவள், அதே மூச்சில், அதே முகத்தோடு, “சின்னவனுக்குத் தடுப்பூசியெல்லாம் போட்டாச்சுங்க” என்றாள்.

மூன்று மணி நேரம் கழித்துத்தான் கரண்ட் வந்தது. மீதிக் கேள்விகளைக் கேட்கவே இல்லை. அன்றைக்கு எத்தனை தாள் முடித்தோம் என்பதற்குத்தான் காசு. மீதிக்கு எல்லாம் ‘இல்லை’ என்று வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன். நெரித்தாரா, இல்லை. சூடு வைத்தாரா, இல்லை. எனக்குத் தெரியாது தம்பி. தரவு நம்பகமானதா என்று நீங்கள் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது என் கையால் போட்ட அந்த ‘இல்லை’கள்தான். எங்கேயோ மிகைப்படுத்திச் சொல்லியிருப்பார்களோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு வருகிற பயம் நேர் எதிர்.

அதற்காகக் கர்நாடகாவைப் பற்றி ஒரு வார்த்தை. நாலைந்து வருஷத்தில் 20-லிருந்து 44-க்கு ஒரு மாநிலத்தின் ஆண்கள் மொத்தமாகக் கெட்டுப்போக முடியாது. யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்பதில் எது மாறினாலும் எண் மாறும். எண் ஏறினால் அடி கூடியிருக்கலாம், வாய் திறந்திருக்கலாம். இமாச்சலத்தின் 8-க்கும் கேரளாவின் 10-க்கும் அதே கதைதான்: குறைவாக அடிக்கிறார்களா, குறைவாகச் சொல்கிறார்களா என்று அந்த எண் சொல்லாது. ‘படித்த மாநிலம், ஆனாலும் 38’ என்று நீங்கள் எழுதியதை நான் ‘படித்த மாநிலம், அதனால் 38-ஆவது சொன்னார்கள்’ என்றும் வாசிப்பேன். எனக்கு அதில் பாதி நிச்சயம்தான் உண்டு. ஸ்ட்ராஸ் பட்டியல்மேல் பெண்ணியவாதிகள் வைத்த குறையும் சரியானதுதான், அது செயலை எண்ணும், பயத்தை எண்ணாது. கணவர் செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு எப்படி என்று கணிக்கிற பெண்ணை எந்தக் கட்டத்தில் போடுவது?

அந்த வேலைக்கு முன்னால் ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகவேண்டும். எனக்கு எதிரே உட்கார்ந்த பெண் கடைசிப் பக்கத்தில் வாசித்தாள்: உங்களுக்குத் தெரிந்தவரை உங்கள் அப்பா எப்போதாவது உங்கள் அம்மாவை அடித்திருக்கிறாரா? நான் யோசிக்கக்கூட இல்லை. இல்லை என்றேன். என் அப்பா குரல் உயர்த்திப் பேசாத மனிதர், தெருவில் எல்லோரும் சொல்வார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது மூன்றாவது பக்கத்தில் இருந்த ‘எதையாவது உங்கள்மேல் வீசினாரா’ மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பு உண்டு, வயிற்றில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், தரையில் வைத்தால் லேசாக ஆடும். அதில்தான் இத்தனை வருஷமும் எல்லோரும் தண்ணீர் குடித்தோம். அது நசுங்கிய ராத்திரி எனக்கு ஐந்து வயசோ ஆறு வயசோ, நான் தூங்கவில்லை. அம்மா மறுநாள் முழுக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, சளி பிடித்திருக்கிறது என்றார். இத்தனையும் எனக்குள்ளேயே இருந்தது. ஆனால் ‘அடித்தாரா’ என்ற சொல்லுக்கு அது எழுந்து வரவில்லை. அது எங்கள் வீட்டில் ‘அப்பா சொம்பைத் தூக்கிப் போட்டது’, அவ்வளவுதான்.

அப்பா போன பிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். நானும் உங்களைப்போல ஹாலில் வைத்துத்தான் கேட்டேன், அப்போது தம்பி மனைவி பக்கத்தில் இருந்தாள். “அது கிணத்தடியில விழுந்து நசுங்குனதுல்ல” என்றார் அம்மா. சொம்பை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நம்பலாம், குறைந்தபட்சக் கணக்கு என்ற அளவில். சுற்றுக்குச் சுற்று ஒப்பிடும்போது நிதானம் வேண்டும்.

பிறகு, கடிதத்தில் உங்கள் ஊரையும் கம்பெனிப் பெயரையும் எடுத்துவிட்டேன். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த இரண்டு வரிகளையும் எடுத்திருக்கிறேன். எந்த வரிகள் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். அதைப் பற்றித் தனியாக மெயில் போட்டிருக்கிறேன். வீட்டில் யாரிடமும் காட்ட வேண்டாம். படித்துவிட்டு எனக்குக் கூப்பிடுங்கள், எந்நேரமானாலும் பரவாயில்லை.