கடைக் கம்ப்யூட்டரில் பீட்டா ஏற்றலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 முன்னோட்டப் பதிப்பைப் பற்றியவை. வெளியாகும் முன் சோதித்துப் பார்க்கத் தரும் பதிப்பு அது; பீட்டா, இன்சைடர் பதிப்பு என்றெல்லாம் சொல்வதும் அதைத்தான். எந்தப் பதிப்பு என்று காட்டும் பில்டு எண்ணையே பாதிப் பேர் எழுதவில்லை. ஸ்டார்ட் மெனுவில் ‘வின்வர்’ (winver) என்று தட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இனி அது இல்லாத கடிதத்துக்குப் பதில் எழுத மாட்டேன்.

கே: மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். அண்ணன் மகன் கடைக் கம்ப்யூட்டரில் இன்சைடர் பதிப்பை ஏற்றிவிட்டான். பில் பிரிண்டர் ஓடவில்லை. பழையபடி ஆக்க முடியுமா?

ப: எத்தனை நாளாயிற்று என்று எழுதவில்லையே! பத்து நாளுக்குள் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி போய் ‘கோ பேக்’ கொடுங்கள். இடம் போதவில்லையென்று ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ ஃபோல்டரை அழித்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். பிறகு டிஸ்கைத் துடைத்துப் புதிதாகப் போடவேண்டியதுதான். எதைச் செய்வதற்கும் முன்னால் கணக்கு ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் செருகித் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து புது ரகம் வந்தால் ஒரு மா நிலத்தில் போட்டுப் பார்ப்போமா, ஒரு வேலி (இருபது மா) முழுக்க விதைப்போமா?

கே: கும்பகோணத்தில் கல்லூரி மாணவன். கேனரி, டெவ், பீட்டா, ரிலீஸ் பிரிவ்யூ, இதில் எதில் சேரலாம்? இருப்பது ஒரே லேப்டாப்.

ப: ஒரே லேப்டாப் என்றால் எதிலும் சேராதே, தம்பி. ஆசை விடாவிட்டால், வெளியீட்டுக்கு மிக நெருங்கிய ரிலீஸ் பிரிவ்யூ. மிக ஆரம்பநிலையான கேனரிக்குள் போனால் டிஸ்கைத் துடைக்காமல் வெளியே வர முடியாது.

கே: வர்ச்சுவல்பாக்ஸில் ஏற்றிப் பார்த்தால் போதாதா? (மயிலாடுதுறை)

ப: கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர்போல ஓடும் மென்பொருள் அது. முதல்முறைக்கு அதுதான் நல்லது. 8 ஜிபி ராம் இருந்தால் பாதியை ஒதுக்குங்கள். ஆனால் பிரிண்டரும் கைரேகைக் கருவியும் நிஜக் கம்ப்யூட்டரில் எப்படி ஓடும் என்பதை அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

கே: திருவாரூரில் டி.டி.பி. கடை. பீட்டாவில் தமிழ் சரியாக வரவில்லை. தமிழ் என்றால் ஏன் இந்த அலட்சியம்?

ப: என்ன சரியாக வரவில்லை? இந்த ஒற்றை வரியை வருடக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ் படிக்கத் தெரியாத எஞ்சினியருக்கு எழுத்து உடைந்திருப்பது கண்ணில் படாது. நாம் சொன்னால்தான் உண்டு. சொல்ல வேண்டிய காலமும் முன்னோட்டக் காலம்தான். அப்போது வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு வெளியான பிறகு குமுறுகிறோம்.

இப்படிச் சோதியுங்கள். நோட்பேடில் ‘கொள்ளிடம்’ என்று அடியுங்கள். கொம்பும் காலும் ககரத்தோடு ஒட்டி நிற்கின்றனவா, நடுவே புள்ளி வட்டம் தெரிகிறதா? ‘கொ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை தட்டுங்கள், போவது ஒகரக் குறி மட்டுமா, முழு எழுத்துமா? அடுத்து ‘ஸ்ரீரங்கம்’. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் 2005-இல் ‘ஶ’ சேர்ந்ததிலிருந்து ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக எழுத முடிகிறது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தேடினால் ஒன்று சிக்கும், மற்றது சிக்காது. தமிழ்99, ஃபோனெடிக் ஆகிய இரண்டு விசைப்பலகைகளிலும் இதையே அடித்துப் பாருங்கள். வானவில், பாமினியில் அடித்த பழைய ஃபைல் குப்பையாகத் தெரிந்தால் அந்தப் பழியை பீட்டாவின்மேல் போடாதீர்கள். அந்த ஃபான்ட் ஏற்றப்படவில்லை, அவ்வளவுதான்.

பிறகு விண்டோஸ் விசையோடு எஃப் அழுத்தினால் மைக்ரோசாஃப்டுக்குப் புகார் அனுப்பும் ஃபீட்பேக் ஹப் திறக்கும். ஒரு கோளாறுக்கு ஒரு புகார். எந்த விசைப்பலகை, என்ன அடித்தீர்கள், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, கூடவே ஸ்கிரீன்ஷாட். அதே புகார் ஏற்கெனவே இருந்தால் புதிதாக எழுதாமல் அதற்கு ஓட்டுப் போடுங்கள். விண்டோஸ் 10-இன் 2018 அக்டோபர் அப்டேட் சிலருடைய ஃபைல்களை அழித்தது. சில நாளிலேயே நிறுத்தினார்கள். அந்தக் கோளாறை இன்சைடர்கள் முன்பே எழுதியிருந்தார்கள். போதிய ஓட்டு விழாததால் குவியலுக்குள் அமுங்கிப்போனது. அதன் பிறகுதான் பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிக்கப் புகாரிலேயே இடம் வைத்தார்கள். அதை வெறுமனே விடாதீர்கள். உங்கள் தெருவிலுள்ள மற்ற டி.டி.பி. கடைக்காரர்களையும் ஓட்டுப் போடச் சொல்லுங்கள்.

கே: அப்டேட் பாதியில் கரண்ட் போனால்? (பட்டுக்கோட்டை)

ப: பெரும்பாலும் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும், பதற வேண்டாம். ஆனாலும் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் ஆரம்பிக்காதீர்கள். பேக்கப்பை அதே மேஜையில் வைக்கவும் வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடு பறந்த வீடுகளில் கம்ப்யூட்டரும் பக்கத்திலிருந்த ஹார்டு டிஸ்கும் சேர்ந்தே நனைந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கே: பீட்டா ஏற்றிய பிறகு 48 இலக்க எண் கேட்கிறது. (நாகப்பட்டினம்)

ப: டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரைத் திறக்கும் ரெக்கவரி கீ அது. போனிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கேயும் இல்லை, எழுதியும் வைக்கவில்லை என்றால் ஃபைல்கள் போனதுதான். திறந்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கே: பீட்டா நன்றாக ஓடியதால் அப்டேட்டை எட்டு மாதமாக நிறுத்திவைத்தேன். இப்போது காலாவதி என்கிறது. (தஞ்சாவூர்)

ப: முன்னோட்டப் பதிப்புக்கு ஆயுள் கொஞ்சம்தான். விண்டோஸ் 7-இன் சோதனைப் பதிப்பு 2010 மார்ச் 1 முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக அணைந்தது. ஜூன் 1-இல் ஆயுளே முடிந்தது. இன்றைக்கே பேக்கப் எடுங்கள். திறந்து பார்த்துவிட்டு அப்டேட்டை ஓடவிடுங்கள்.